பெடல் அதிரும்போது காலை எடுக்கக் கூடாது: காரின் ஏபிஎஸ் பிறேக் எப்படி வேலை செய்கிறது

முழுப் பலத்தோடு பிறேக்கை மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அடிக்கும். போனட்டுக்குள் இருந்து கறகறவென்று ஒரு சத்தமும் கேட்கும். ஏபிஎஸ் (திடீர்ப் பிறேக்கில் சில்லு சுழலாமல் இறுகி லொக் ஆகிவிடாமல் தடுக்கும் கருவி) பூட்டிய காரை வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள்கூட இதை ஒன்றிரண்டு தடவைதான் உணர்ந்திருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு தடவையிலும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் கால் அரைச் செக்கன் விலகியிருந்தால், கார் பிறேக்கே இல்லாமல் எட்டு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அதிர்வு பழுதல்ல. ஏபிஎஸ் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்.

ஏபிஎஸ் இருந்தால் கார் "டக்" என்று நிற்கும் என்ற நம்பிக்கை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வாகனம் வாங்குவோர் விற்போர் எல்லோரிடமும் உண்டு. பாதி உண்மை. தார் வீதியில், அதிலும் ஈரமான தாரில், நிற்கும் தூரம் பெரும்பாலும் குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கருவியைச் செய்தவர்கள் முதலில் தேடியது குறைந்த தூரத்தை அல்ல. பிறேக் பிடித்திருக்கும்போதும் சில்லு உருண்டுகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் நோக்கம். உருளுகிற சில்லைத்தான் ஸ்ரேறிங் திருப்பும். லொக் ஆகி இழுபடுகிற சில்லு எந்தப் பக்கம் முகம் திருப்பி நின்றாலும் கார் நேராகத்தான் போகும்.

லொக் ஆன சில்லு ஏன் பிடிக்காது

ஓடுகிற காரின் ரயர் வீதியைத் தொடும் இடம் ஒரு உள்ளங்கை அளவு. பிறேக் பிடிக்கும்போது சில்லு காரின் வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழலும். அந்த வித்தியாசத்தைத்தான் வழுக்கல் என்கிறார்கள். கார் 60இல் போக, சில்லின் விளிம்பு 54இல் சுழன்றால் வழுக்கல் 10 சதவீதம். சில்லு அப்படியே நின்றுவிட்டால் 100 சதவீதம். தார் வீதியில் ரயர் மிக இறுக்கமாகப் பிடிப்பது 10 முதல் 20 சதவீத வழுக்கலில். அதைத் தாண்டினால் பிடி குறையத் தொடங்கும். பக்கவாட்டுப் பிடியோ இன்னும் வேகமாகச் சரிந்து, 100 சதவீதத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். முன்சில்லு லொக் ஆனால் ஸ்ரேறிங் செத்துவிடும். பின்சில்லு லொக் ஆனால் காரின் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். இரண்டில் மோசமானது பின்னையது.

எண்ணில் பார்க்கலாம். 60 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 16.7 மீற்றர். காய்ந்த நல்ல தாரில் உராய்வுக் குணகத்தை, அதாவது ரயரின் பிடியை அளக்கும் எண்ணை, 0.8 என்று எடுத்தால், பிறேக் பிடித்த இடத்தில் இருந்து 18 மீற்றருக்குள் கார் நிற்கும். மழை நனைத்த தாரில் 0.5 என்று எடுத்தால் 28 மீற்றர். அதே ஈரத்தில் சில்லு லொக் ஆகி இழுபட்டு, குணகம் 0.4க்கு இறங்கினால் 35 மீற்றர். ஏழு மீற்றர் என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் ஏபிஎஸ் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை, லொக் ஆன கார் மணிக்கு 27 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். 27இல் ஒரு சைக்கிள்காரரை முட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்கு வரும்வரை ஓடுகிற தூரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஒரு செக்கன் என்றாலே இன்னும் 17 மீற்றர்.

ஏபிஎஸ் வருவதற்கு முன் நல்ல சாரதிகள் பெடலை விட்டுவிட்டு மிதித்து இதைச் சமாளித்தார்கள். கால் அதை செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். அதுவும் நான்கு சில்லுக்கும் ஒன்றாகத்தான். வலது பக்கச் சில்லுகள் தாரிலும் இடது பக்கச் சில்லுகள் வீதியோர மணலிலும் ஓடும் நேரத்தில், எந்தச் சில்லுக்கு எவ்வளவு பிறேக் என்று பிரித்துக் கொடுக்க எந்தக் காலாலும் முடியாது. காரைதீவு, களுவாஞ்சிகுடி, கல்லாறு போன்ற ஊர்களுக்கூடாக ஏ4 வீதியில் போகிறவர்களுக்கு இது தெரிந்த நிலைமைதான்: எதிரே பஸ் வரும், சில்லு தாரைவிட்டு இறங்கும், அந்த நேரம் பார்த்து மாடு ஒன்று குறுக்கே வரும்.

ஒரு பல் வளையமும் எட்டு வால்வும்

ஒவ்வொரு சில்லின் ஹப்பிலும் ஒரு சென்சர் இருக்கிறது. பழைய வகையில், சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புப் பல் வளையமும், அதற்கு எதிரே காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுருட்டிய சென்சரும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளி. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது கம்பியில் சிறிய மின்துடிப்பு எழும். சில்லு மெதுவாகச் சுற்றினால் துடிப்பும் மெலிந்துவிடும் என்பதால், ஊர்ந்து போகும் வேகத்தில் இந்த வகைக்குக் கண் தெரியாது. புதிய வகையில் பல் வளையத்தின் இடத்தில், பெயரிங்கின் சீலுக்குள்ளேயே வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றிய ஒரு பட்டி இருக்கிறது. சென்சருக்கு மின்சாரம் கொடுத்துத்தான் வேலை வாங்க வேண்டும். அது 7 மில்லியம்பியர், 14 மில்லியம்பியர் என்று இரண்டு நிலைகளுக்கிடையில் மாறி மாறித் தகவல் சொல்லும். நடக்கிற வேகத்தைக்கூட இது அளந்துவிடும்.

48 பல் என்று வைத்துக்கொண்டால், 175/65 ஆர் 15 அளவு ரயர் உள்ள காரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 420 துடிப்புகள் வரும். இப்படி நான்கு சில்லில் இருந்தும் வருவதைக் கணினி எண்ணிக்கொண்டிருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், காரின் உண்மையான வேகம் அதற்குத் தெரியாது. நான்கு சில்லின் வேகத்தையும் வைத்து ஊகிப்பதுதான். ஆனால் ஒன்று அதற்குத் தெரியும்: சாதாரண ரயர் போட்ட ஒரு கார் எவ்வளவு முயன்றாலும் ஒரு செக்கனில் 35 கிலோமீற்றரைவிடப் பெரிதாக வேகம் குறைக்க முடியாது. ஒரு சில்லு கால் செக்கனுக்குள் 60இல் இருந்து பூச்சியத்தை நோக்கி விழுந்தால், கார் நிற்கவில்லை, சில்லுதான் லொக் ஆகப் போகிறது என்று அது முடிவு செய்கிறது.

முடிவை நிறைவேற்றுவது, பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்புக்கும் சில்லுகளுக்கும் நடுவே பைப்புகள் வந்து சேரும் அலுமினியக் கட்டி. கராஜ்களில் இதை ஏபிஎஸ் யூனிற் என்றோ ஏபிஎஸ் பம்ப் என்றோ சொல்வார்கள். ஒரு சில்லுக்கு இரண்டு மின்காந்த வால்வு: உள்ளே விடும் வால்வு சாதாரணமாகத் திறந்திருக்கும், வெளியே விடும் வால்வு மூடியிருக்கும். நான்கு சில்லுக்கு எட்டு. வழுக்கல் எதிர்ப்புக் கட்டுப்பாடும் சேர்ந்த கார்களில் பொதுவாகப் பன்னிரண்டு.

சில்லு லொக் ஆகப் போகிறது என்றவுடன் உள்வால்வு மூடும். பெடலை எவ்வளவு அமத்தினாலும் அந்தச் சில்லுக்கு இனி அழுத்தம் கூடாது. அதுவும் போதாவிட்டால் வெளிவால்வு ஒரு கணம் திறந்து, கொஞ்சம் ஒயிலை யூனிற்றுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பொருத்திய சின்ன அறைக்குள் விடும். சில்லு மூச்சுவிட்டு மறுபடி சுழலத் தொடங்கும். உடனே வெளிவால்வு மூடி, உள்வால்வு துளித்துளியாகத் திறந்து அழுத்தத்தை ஏற்றும். இந்தச் சுற்று ஒரு செக்கனுக்குள் பத்துத் தடவைக்கு மேலும் நடக்கலாம். இதற்கிடையில் ஒரு மின்மோட்டார் அந்த அறையில் சேர்ந்த ஒயிலை மாஸ்டர் பம்ப் பக்கம் திருப்பி அடித்துக்கொண்டிருக்கும். அது திரும்பி வந்து முட்டுவதைத்தான் உங்கள் பாதம் அதிர்வாக உணர்கிறது. கறகறச் சத்தம் அந்த மோட்டாருடையது.

பின்சில்லு இரண்டையும் பெரும்பாலான கார்கள் தனித்தனியாக நடத்துவதில்லை. இரண்டில் எது முதலில் வழுக்குகிறதோ அதற்கேற்ப இரண்டுக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். கொஞ்சம் பிறேக் பலத்தை இழந்தாலும் வால் சுழலாமல் இருக்கட்டும் என்ற கணக்கு. காரின் வேகம் மணிக்கு 5, 6 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கியதும் ஏபிஎஸ் ஒதுங்கிவிடும். அதனால் கடைசி ஒரு முழத்துக்கு சில்லு லொக் ஆகி ரயர் கீச்சிட்டால், ஏபிஎஸ் பழுதென்று கராஜுக்கு ஓட வேண்டியதில்லை.

இந்த யோசனை காருக்கு முன்னமே விமானத்துக்கு வந்தது. 1950களில் டன்லப் நிறுவனத்தின் மக்ஸரெட் என்ற இயந்திர வகைக் கருவி விமானச் சில்லுகளில் பூட்டப்பட்டது. 1966இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரித்தானியக் காரில் அது ஏறியது. மின்னணு முறையில், இன்றைக்கு நாம் காணும் அமைப்புக்கு நேர் மூதாதை 1978இல் வந்தது: பொஷ் செய்தது, மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் வகுப்புக் காரில் பூட்டியது.

கிறவலும் மணலும் மாரித் தண்ணீரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கிறவல் வீதியில் ஏபிஎஸ் காரை ஓட்டுகிறவர்கள் "பிறேக் வழுகிப் போகுது" என்று குறைசொல்வதுண்டு. குறை நியாயமானது. இளகிய கிறவலிலும் மணலிலும் சில்லு லொக் ஆனால், அது தன் முன்னால் கல்லையும் மண்ணையும் குவித்துத் தானே ஒரு கட்டை வைத்துக்கொள்ளும். ஏபிஎஸ் சில்லை உருள விடுவதால் அந்தக் குவியலின் மேல் ஏறி ஏறிப் போய்விடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 1990களின் கடைசியில் பல பரப்புகளில் கார்களைச் சோதித்தபோது, பெரும்பாலான பரப்புகளில் ஏபிஎஸ் தூரத்தைக் குறைத்தது; இளகிய கிறவலில் மட்டும் சராசரியாகக் கால்பங்குக்கு மேல் கூட்டியது. ஆகவே கிறவலில் ஒரே மருந்து வேகத்தைக் குறைத்து ஓடுவதும் முன்னால் போகிற வாகனத்துக்கு இடம் விடுவதும். ஏபிஎஸ் பியூஸைக் கழற்றிவிடுவது மருந்தல்ல. கிறவல் முடிந்து தாருக்கு ஏறியதும் திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வராது.

வெட்டுக் காலத்தில் வீதியோரம் காயப்போடும் நெல்லும் இப்படித்தான். தாரின் மேல் பரவிய நெல்மணி ரயருக்கு அடியில் குண்டு பெயரிங்போல உருளும். ஒரு பக்கச் சில்லு நெல்லில், மறுபக்கச் சில்லு தாரில் என்றால் கார் தாரின் பக்கம் இழுக்கும். ஏபிஎஸ் அந்த இழுவையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டியதுதான். வயலில் இருந்து ஏறிய உழவு மெசின் விட்டுப் போகும் ஈரக் களிமண்ணுக்கும் இதே விதி.

மாரியில் வேறு கதை. ஈரத் தாரில் ஏபிஎஸ் தன் முழுப் பயனையும் தரும். ஆனால் வீதியில் தண்ணீர் தேங்கி நின்றால், ரயர் தண்ணீரைக் கிழித்துத் தாரைத் தொட வேண்டும். 30 பிஎஸ்ஐ காற்று உள்ள ரயர் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவில் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது விமான ரயர்களை வைத்துக் கண்ட பழைய கணக்கு. காற்றுக் குறைந்திருந்தால், ரயர் தேய்ந்து பள்ளங்கள் மறைந்திருந்தால், அதற்கும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். மிதக்கிற சில்லுக்குத் தாரே இல்லை; ஏபிஎஸ் எதைப் பிடிப்பது? பல நாடுகள் ரயர் பள்ளத்தின் ஆழத்துக்கு வைத்திருக்கும் கடைசி எல்லை 1.6 மில்லிமீற்றர். நம் மாரிக்கு அதுவும் போதாது, 3 மில்லிமீற்றரில் மாற்றிவிடுவது புத்தி. நல்ல ஏபிஎஸ்ஸும் வழுக்கை ரயரும் உள்ள காரைவிட, ஏபிஎஸ் இல்லாமல் நல்ல ரயர் போட்ட கார் மாரிக்கு மேல்.

கால் செய்ய வேண்டியது மூன்று காரியம்: முழுப் பலத்தோடு ஒரே மிதி, கார் நிற்கும்வரை விடாமல் பிடித்தல், கண் பார்க்கிற வெற்றிடத்துக்கு ஸ்ரேறிங்கைத் திருப்பல். கியர் கார் என்றால் கிளச்சையும் சேர்த்து அமத்த வேண்டும். பழைய பழக்கத்தில் விட்டுவிட்டு மிதித்தால் ஏபிஎஸ் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்கும். ஸ்ரேறிங்கை வெடுக்கென்று முழுதாக முறிப்பதும் பிழை. உருளுகிற சில்லு சொன்ன பக்கம் உடனே திரும்பும், கார் எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஆளில்லாத வீதியில், பின்னால் வாகனம் இல்லை என்று பார்த்து, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு தடவை முழுதாக மிதித்துப் பாருங்கள். அதிர்வு எப்படி இருக்கும் என்று கால் அறிந்துகொண்டால் பிறகு பயப்படாது.

மஞ்சள் விளக்கு எரிந்தால்

சாவியைப் போட்டவுடன் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று செக்கன் எரிந்து அணைய வேண்டும். பாவித்த கார் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது எரிகிறதா என்பதைத்தான். எரியவே இல்லை என்றால், பல்பைக் கழற்றியோ விளக்கை மறைத்தோ விற்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஓடும்போது மஞ்சள் மட்டும் எரிந்து நின்றால், சாதாரண பிறேக் அப்படியே இருக்கிறது, ஏபிஎஸ் மட்டும் படுத்துவிட்டது. இடைவெளி விட்டு ஓட்டி கராஜ் போகலாம். மஞ்சளோடு சிவப்பு பிறேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் விசயம் வேறு. ஹாண்ட் பிறேக் இறங்கியிருக்கிறதா, பிறேக் ஒயில் மட்டம் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், பின்சில்லுகளுக்கு அழுத்தத்தை அளந்து கொடுக்கும் பகுதியும் நின்றிருக்கக் கூடும். பலத்த பிறேக்கில் பின்சில்லு முதலில் லொக் ஆகும். அந்தக் காரை இழுத்துக்கொண்டு போவதுதான் சரி. "அண்ணே, பிறேக் பிடிக்குதுதானே, லைட்டை விடுங்க" என்று சொல்லுகிற மெக்கானிக்கிடம் இந்த இரண்டு நிலைமையையும் பிரித்துக் கேளுங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் போன ஐந்து வருடமும் ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கு வயதைக் கூட்டியிருக்கிறது. நம் கரையோரத்தில் அந்த வயது உப்புக் காற்றோடு சேர்ந்து வருகிறது. கல்லடியிலோ நிந்தவூரிலோ கடலுக்குக் கிட்ட நிற்கும் காரில் முதலில் போவது யூனிற் அல்ல, சென்சரும் அதன் வயரும்தான். சென்சர் உட்காரும் துளைக்குள் துரு வளர்ந்து, சென்சரை மெல்ல மெல்லப் பல் வளையத்தில் இருந்து தள்ளும். இடைவெளி கூடினால் துடிப்பு மெலியும். கழற்றும்போது திருகி இழுத்தால் சென்சர் உடைந்து துளைக்குள் பாதி நின்றுவிடும். துருநீக்கி ஒயில் விட்டு ஊறவைத்து, துளையை உப்புத்தாளால் தேய்த்து, சென்சர் தானாக இறங்கும் அளவுக்குச் சுத்தம் செய்த பிறகே புதியது போட வேண்டும். முன்சில்லின் வயர் ஸ்ரேறிங் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வளைவதால், மேலே உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். நேராக ஓடும்போது விளக்கு அணைந்து, முடக்கில் எரிந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் பிடித்து வளைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தச் சில்லு என்று அறியாமல் சென்சர் மாற்றுவது காசை வாவியில் போடுவது. இயந்திரக் கோளாறுகளை மட்டும் வாசிக்கும் மலிவு புளூடூத் கருவிகள் பல ஏபிஎஸ்ஸைத் தொடுவதே இல்லை. ஏபிஎஸ் வாசிக்கும் ஸ்கானர் வேண்டும். டொயோட்டாவில் சி0200 என்ற கோளாறு எண் வந்தால் முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. ஸ்கானர் இல்லாத இடத்திலும் பல பழைய டொயோட்டாக்களுக்கு வழி உண்டு. ஸ்ரேறிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளைக் கனெக்டரில் 4ஆம், 13ஆம் துளைகளை ஒரு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு கண்சிமிட்டி எண்ணைச் சொல்லும். மூன்று சிமிட்டலும் ஒன்றும் என்றால் 31, முன் வலது. 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. துளையை மாறி இணைத்தால் வேறு கணினி எரியலாம், ஆகவே எண்ணத் தெரிந்தவர் மட்டும் செய்க.

எண் வந்தபின் அளக்க வேண்டும். பழைய வகைச் சென்சருக்கு மல்டிமீற்றரில் ஓம் பார்த்தால் பெரும்பாலும் 800க்கும் 2000க்கும் இடையில் வரும். மறுபக்கச் சில்லோடு ஒப்பிட்டால் இன்னும் நிச்சயம். காரை ஜக்கில் ஏற்றி, மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, சில்லைக் கையால் சுற்றினால் முள்ளோ எண்ணோ அசைய வேண்டும். புதிய வகைக்கு ஓம் பார்ப்பதில் பயனில்லை. கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, யூனிற் பக்கத்தில் இருந்து மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதே வழி. மிச்சத்தை ஸ்கானரில் நான்கு சில்லின் வேகத்தையும் ஒன்றாக வைத்து 20 கிலோமீற்றரில் ஓட்டிப் பார்த்தால், விழுகிற சில்லு தானே காட்டிக்கொடுக்கும்.

பெயரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிகிறதா? காந்தப் பட்டி உள்ள பெயரிங்கைத் திருப்பிப் போட்டு அமத்தியிருப்பார்கள். காந்தப் பக்கம் சென்சரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மெல்லிய பேப்பர் கிளிப் ஒட்டுகிற பக்கம்தான் காந்தப் பக்கம். பிரஸ்ஸில் வைக்கும் முன் இந்தப் பத்துச் செக்கன் சோதனையைச் செய்யாததால் எத்தனையோ புதுப் பெயரிங் வீணாகியிருக்கிறது. சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் பட்டி வெடிக்கும்.

விளக்கே எரியாமல் வரும் ஒரு கோளாறும் உண்டு. காய்ந்த தாரில், சந்தியில் மெல்ல நிற்கப் போகும்போது, 10 கிலோமீற்றருக்குக் கிட்ட பெடல் திடீரென்று கடகடக்கும், கார் ஒரு அடி முன்னுக்கு வழுவும். சில்லைச் சுழற்றும் தண்டான சிவி அக்சிலில் இறுகியிருக்கும் பல் வளையத்துக்கு அடியில் துரு வீங்கி வளையம் வெடித்திருக்கும். வெடித்த இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூட. அந்த இடம் கடக்கும்போதெல்லாம் சில்லு ஒரு கணம் நின்றதாகக் கணினி நினைத்துப் பிறேக்கை விடுகிறது. சென்சரை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது. ரயர் அளவு மாறினாலும் கணினி குழம்பும். நான்கு ரயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சின்ன ஸ்பெயார் சில்லைப் போட்டுக்கொண்டு நாட்கணக்கில் ஓடக் கூடாது.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தைப்போல வீதிக்கு மேல் தண்ணீர் பாயும் நாட்களில், கிரான் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ சில்லு மூழ்க ஓடிய கார்களுக்கு, நல்ல தண்ணீரால் நான்கு ஹப்பையும் கழுவி, சென்சர் கனெக்டர்களைத் திறந்து காயவிட்டு, பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பூட்டுவது ஒரு மணித்தியால வேலை. வாவித் தண்ணீர் கலந்த வெள்ளம் என்றால் உப்பும் சேரும், தள்ளிப்போடக் கூடாது.

யூனிற்றைக் கொல்வது பெரும்பாலும் பிறேக் ஒயில். அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தர ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140. டொட் 4 என்றால் 230, 155. கொதித்தால் பெடல் தரைக்கு இறங்கும். ஆனால் கொதிக்கும் முன்னமே அந்தத் தண்ணீர் வால்வுகளுக்குள் துருவை வளர்த்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழு ஒயிலையும் மாற்றினால் போதும். நிறம் கறுத்தபின் மாற்றுவோம் என்று இருக்கக் கூடாது. சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட டொட் 5ஐ ஏபிஎஸ் காருக்குள் விடவே கூடாது. பிறேக் பாட் மாற்றும்போது, பாட்டை அமத்தும் கலிப்பர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவார்களே, அப்போது காற்றை வெளியேற்றும் எயார் நிப்பிளைத் திறந்து அந்த அழுக்கு ஒயிலை வெளியே விட வேண்டும். திறக்காமல் தள்ளினால் அது நேராக ஏபிஎஸ் வால்வுக்குள் ஏறும். யூனிற்றைக் கழற்றிப் பூட்டிய காரில், வழமைபோல நான்கு சில்லிலும் எயார் எடுத்தும் பெடல் பஞ்சாக இருந்தால், காற்று யூனிற்றுக்குள்ளேயே நிற்கிறது. ஸ்கானரால் மோட்டாரையும் வால்வுகளையும் ஓடவிட்டுத்தான் அதை வெளியேற்றலாம்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களை மற்றக் கார்களோடு சேர்த்துப் பேச முடியாது. அவற்றில் சாதாரண நேரத்தில் உங்கள் கால் சில்லைத் தொடுவதில்லை. பெடலை எவ்வளவு மிதித்தீர்கள் என்று கணினி அளந்து, ஒரு பங்கை மின்மோட்டாரால் பற்றரிக்கு மீட்டும், மீதியை ஒயில் அழுத்தத்தாலும் பிறேக் பிடிக்கிறது. மெல்லப் பிறேக் பிடித்தபடி பள்ளத்தில் விழும்போது மோட்டார்ப் பிறேக் சட்டென்று விலகும். கார் ஒரு கணம் முன்னுக்குப் பாய்வதுபோல இருக்கும். 2010 பெப்ரவரியில் டொயோட்டா பிரியஸ் முதலான ஹைபிரிட் கார்கள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை உலகம் முழுவதும் திருப்பி அழைத்து, இந்த உணர்வைச் சரிப்படுத்த ஏபிஎஸ் மென்பொருளை மாற்றியது.

இந்தக் கார்களின் அக்குமுலேற்றர் என்ற சேமிப்பு அறையில் உயர் அழுத்தத்தில் ஒயில் எப்போதும் காத்திருக்கிறது. கதவைத் திறந்தவுடன் பம்ப் சில செக்கன் ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். முன்னர் இல்லாதபடி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அது ஓடத் தொடங்கினால், அழுத்தம் எங்கோ கசிகிறது, சில்லுகளுக்கு அழுத்தத்தைக் கொடுக்கும் அக்சுவேற்றர் தேய்கிறது. மஞ்சள் விளக்கு வரும்வரை காத்திருக்காமல் காட்ட வேண்டிய நேரம் அது. இதில் பிறேக் பைப்பைக் கழற்றும் முன் ஸ்கானரால் அழுத்தத்தை இறக்க வேண்டும். இறக்காமல் நட்டை அவிழ்த்தால் ஒயில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பாட் மாற்றும்போது தெரியாமல் யாராவது கதவைத் திறந்தாலோ பெடலை மிதித்தாலோ பம்ப் ஓடி, கழற்றி வைத்த கலிப்பரின் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். ஸ்கானர் இல்லாத கராஜ் என்றால் அங்கே ஹைபிரிட் காருக்குப் பாட் மாற்றக்கூடக் கொடுக்காதீர்கள்.